ஹடில் போடாத அணிகளும் அடிபடும் உடம்பும்

டெக்சாஸில் உயர்நிலைப் பள்ளி அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் லைன்பேக்கராக (எதிரணியைத் தடுக்கும் டிஃபென்ஸ் ஆட்டக்காரராக) ஆடும் உங்கள் அக்கா மகன், ஹடில் போடாமல் படபடவென்று ஆடும் ஒரு கல்லூரி அணியில் சேர ஆசைப்படுகிறான். அந்த மாதிரி அணிகளில் அடி அதிகம் படும் என்று டிவியில் யாரோ சொல்லக் கேட்டு உங்கள் அக்கா கலங்கிப் போயிருக்கிறார். அது உண்மையா, இல்லை தோற்றுப்போன கோச்சுகளின் புலம்பலா என்று கேட்டிருக்கிறீர்கள். இது ஒரே கேள்வி போலத் தெரிந்தாலும் உள்ளே மூன்று இருக்கின்றன. வேகமாக ஆடும்போது ஒவ்வொரு மோதலும் முன்பைவிட ஆபத்தாகிறதா? மோதல்களின் எண்ணிக்கை கூடுவதால் மொத்த அடியும் கூடுகிறதா? அடிபட்டவனை நேரத்தோடு வெளியே எடுக்க முடியாமல் போகிறதா? முதலாவது இன்னும் நிரூபிக்கப்படவில்லை. இரண்டாவது பெரும்பாலும் கூட்டல் கணக்கு. மூன்றாவதை நானே கண்ணால் பார்த்திருக்கிறேன்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. சென்னையில் பிசியோதெரபி படித்தேன். அப்புறம் அமெரிக்கா வந்து அத்லெடிக் டிரெய்னர் தேர்வு எழுதி, ஒரு சின்னக் கல்லூரியின் ஃபுட்பால் அணியோடு பதினோரு சீசன் சைட்லைனில், அதாவது மைதானத்தின் ஓரத்தில், நின்றேன். விடியற்காலையில் கணுக்காலுக்கு டேப் சுற்றுவதில் தொடங்கி, ராத்திரி யாருக்குத் தலை வலிக்கிறது என்று விடுதிக்கு போன் போட்டுக் கேட்பதுவரை என் வேலை. நான் டாக்டர் இல்லை, புள்ளிவிவர ஆராய்ச்சியாளனும் இல்லை. லட்சம் பேர் உட்காரும் மைதானங்களில் வேலை செய்ததும் இல்லை. அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டம் தெரியாதவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் கொஞ்சம் விளக்கம். அமெரிக்கன் ஃபுட்பால் தொடர்ந்து ஓடும் ஆட்டம் இல்லை. ஐந்தாறு வினாடி மோதல், பிறகு இடைவேளை, மறுபடி மோதல். ஒவ்வொரு மோதலையும் ப்ளே என்கிறோம். இடைவேளையில் பந்து வைத்திருக்கும் அணி வட்டமாகக் கூடி அடுத்து என்ன செய்வது என்று பேசிக்கொள்வதுதான் ஹடில். கல்லூரி ஆட்டத்தில் 2008 முதல், ஒரு ப்ளே முடிந்த உடனேயே 40 வினாடிக் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். நிதானமான அணி அதில் 30, 35 வினாடியைச் செலவழித்துவிட்டுத்தான் பந்தைத் தொடும். வேகமான அணி ஹடிலே போடாது. சைட்லைனில் ஒருவர் கையசைப்பார், இன்னொருவர் படம் போட்ட அட்டையைத் தூக்கிக் காட்டுவார், நடுவர் பந்தை வைத்த சில வினாடிகளில் ப்ளே தொடங்கிவிடும். சிப் கெல்லி காலத்து ஓரிகன் அணி இதை நாடே பார்க்கும்படி செய்தது. கஸ் மால்ஸானின் ஆபர்ன் அணி இதே வழியில் 2013-இல் சாம்பியன்ஷிப் ஆட்டம்வரை போனது.

இதில் ஒரு விதி முக்கியம். பந்து வைத்திருக்கும் அணி ஆளை மாற்றினால், எதிரணிக்கும் மாற்ற அவகாசம் கொடுக்க வேண்டும். அதற்காக நடுவர் பந்தின் மேலேயே போய் நின்றுகொள்வார். ஆனால் அந்த அணி ஆளை மாற்றாவிட்டால் டிஃபென்ஸுக்கு, அதாவது தடுத்து ஆடும் எதிரணிக்கு, எந்த அவகாசமும் கேட்க உரிமை கிடையாது. மாற்ற முயன்று மைதானத்தில் பன்னிரண்டாவது ஆள் அகப்பட்டால் ஐந்து கஜம் அபராதம். ஆக, வேகமான அணி பத்து ப்ளே தொடர்ந்து ஆடினால், எதிரே நிற்கும் 135 கிலோ லைன்மேன் பத்துக்கும் நின்றே ஆக வேண்டும். டிஃபென்ஸை மூச்சு வாங்க வைத்து ஜெயிப்பதுதான் உத்தியே, இதில் ஒளிவு மறைவு ஒன்றும் இல்லை.

இப்போது உடம்புக்கு வருவோம். முழு பலத்தோடு ஐந்தாறு வினாடி மோதும்போது தசை தன்னிடம் சேர்த்து வைத்திருக்கும் பாஸ்போகிரியேட்டின் என்ற சக்திச் சேமிப்பை எடுத்துச் செலவழிக்கிறது. தீர்ந்ததில் பாதி திரும்பவே அரை நிமிடம் வாக்கில் ஆகும். முழுவதும் திரும்பச் சில நிமிடங்கள் வேண்டும். 35 வினாடி இடைவேளையும் 15 வினாடி இடைவேளையும் தசைக்கு ஒன்றில்லை. களைத்தவன் கால் தாமதமாக வரும், இடுப்பு இறங்காது, கண் எதிராளியின் மேல் இருக்க வேண்டிய நேரத்தில் தலை குனியும். தலையைக் குனிந்துகொண்டு டேக்கிள் செய்வதுதான் (பந்தோடு ஓடுபவனைப் பிடித்து வீழ்த்துவதுதான்) கழுத்துக்கும் மூளைக்கும் மோசமானது. இந்த அளவுக்கு உடலியங்கியல் நிச்சயம். ஆகவே களைப்பால் அடி கூடும் என்று நினைப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நியாயமான ஊகம் வேறு, மைதானத்தில் எண்ணிப் பார்த்து வந்த கணக்கு வேறு.

ஏனென்றால் எதிர்த்திசையில் இழுக்கும் விஷயங்களும் உண்டு. களைத்தவன் மெதுவாக ஓடுவான்; மெதுவாக ஓடுபவன் மோதும் விசையும் குறைவு. வேகமான அணிகள் பெரும்பாலும் ஆட்களை மைதானத்தின் அகலத்துக்குப் பரப்பி ஆடுபவை. அதனால் நடுவில் குவியல் குவியலாக முட்டிக்கொள்வது குறையலாம், திறந்த வெளியில் முழு ஓட்டத்தில் வந்து மோதுவது கூடலாம். அடி கூடினாலும் குறைந்தாலும் அது வேகத்தால் வந்ததா, பரப்பி ஆடியதால் வந்ததா என்று பிரிப்பது லேசில்லை. இன்னொன்று, வேகமாக ஆடும் அணி வாரம் முழுவதும் அதே வேகத்தில்தான் பயிற்சி எடுக்கிறது. அந்த உடம்பு பழகியிருக்கும். சனிக்கிழமை அன்று முதல் தடவையாக அந்த வேகத்தைச் சந்திக்கும் எதிரணிதான் திணறும்.

இரண்டாவது கேள்விக்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. நிதானமான அணி ஒரு ஆட்டத்தில் 65 ப்ளே ஆடுகிறது, வேகமான அணி 85 ஆடுகிறது என்று வையுங்கள். ஒவ்வொரு ப்ளேயிலும் அடிபடும் வாய்ப்பு துளிகூட மாறாவிட்டாலும், 20 ப்ளே கூடினால் எதிர்பார்க்கக்கூடிய அடி ஏறத்தாழ 30 சதவீதம் கூடும். இங்கே பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. வேகமான அஃபென்ஸ் (அணியில் பந்தோடு ஆடும் பிரிவு) மூன்று ப்ளேயில் தோற்றுப் பந்தைத் திருப்பிக் கொடுத்தால், கடிகாரத்தில் ஒரு நிமிடம்கூடப் போயிருக்காது. அப்போதுதான் தண்ணீர் பாட்டிலை வாயில் வைத்த அதே அணியின் டிஃபென்ஸ் மறுபடி எழுந்து ஓட வேண்டும். வேகத்தின் சுமை எதிரணியோடு நிற்பதில்லை. உங்கள் அக்கா மகன் லைன்பேக்கர் என்பதால் இதைச் சொல்கிறேன்.

சரி, கோச்சுகளின் புலம்பலா என்று கேட்டீர்களே, அந்தக் கதை சுவாரசியமானது. 2014 பிப்ரவரியில், கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் விதிக் குழு ஒரு திருத்தம் கொண்டுவந்தது. 40 வினாடிக் கடிகாரத்தின் முதல் பத்து வினாடியில் பந்தைத் தொடக்கூடாது, அந்த நேரத்தில் டிஃபென்ஸ் ஆளை மாற்றிக்கொள்ளலாம், ஒவ்வொரு பாதியின் கடைசி இரண்டு நிமிடத்துக்கு மட்டும் விலக்கு என்பது திட்டம். அலபாமாவின் நிக் சேபனும் ஆர்கன்சாவின் பிரெட் பீலமாவும் குழுவின் முன்னால் போய் இதற்காகப் பேசினார்கள். இருவருமே நிதானமாக, முரட்டு பலத்தோடு ஆடும் அணிகளின் கோச்சுகள். மூன்று மாதம்கூட ஆகவில்லை, மால்ஸானின் ஆபர்ன் அணி கடைசி வினாடியில் 34-28 என்று அலபாமாவைத் தோற்கடித்திருந்தது. ஊர் சும்மா இருக்குமா?

அதைவிட முக்கியம், அது விதிகளை மாற்றும் ஆண்டே இல்லை. அப்போது இரண்டு ஆண்டுக்கு ஒரு முறைதான் பொதுவான மாற்றங்கள் வர முடிந்தது. இடைப்பட்ட ஆண்டில் ஆட்டக்காரர் பாதுகாப்பு என்ற காரணம் இருந்தால் மட்டுமே விதியைத் தொட முடிந்தது. ஆகவே பாதுகாப்பு என்று சொல்லியே ஆக வேண்டியிருந்தது. சொன்னதும் மால்ஸான், ரிச் ரோட்ரிகஸ், மைக் லீச் போன்ற வேகமான அணிகளின் கோச்சுகள் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: கணக்கு எங்கே? அதைக் காட்ட முடியவில்லை. ஓட்டெடுப்புக்கு முன்பே மார்ச் மாதத்தில் திட்டம் கிடப்பில் போனது. ஒரு சிகரெட் பிடிப்பவனுக்கும் இருபது பிடிப்பவனுக்கும் ஆபத்து ஒன்றா என்ற தொனியில் சேபன் அப்போது வாதாடினார். எனக்கு அந்த வாதம் முழுக்கத் தவறாகப் படவில்லை. அது மேலே சொன்ன கூட்டல் கணக்குதான். ஆனால் அந்தக் கணக்கை ஏற்றால் ஆட்டத்தையே சுருக்க வேண்டும்; ஆள் மாற்ற பத்து வினாடி கொடுத்தால் மட்டும் போதாது. வேடிக்கை என்னவென்றால், அதே ஆண்டு சேபன் புது அஃபென்ஸ் கோச்சை வைத்துக்கொண்டு தன் அணியின் வேகத்தையே கூட்டிவிட்டார்.

கணக்கைக் காட்ட முடியாமல் போனதற்கு யாருடைய அலட்சியத்தையும் குறை சொல்ல வேண்டியதில்லை. கணக்கெடுக்கும் முறையே அப்படி. என்சிஏஏ 1982 முதல் காயங்களைப் பதிவு செய்துவருகிறது. அதில் அளவுகோல் ஒரு ஆட்டக்காரர் ஒரு ஆட்டத்திலோ ஒரு பயிற்சியிலோ கலந்துகொள்வது. அதை ஒரு தடவை என்று எண்ணுவார்கள். 1988 முதல் 2004 வரையான பதிவுகளில், ஆயிரம் தடவைக்கு ஆட்டங்களில் 35.9 காயம், ஆகஸ்ட் முதல் நடக்கும் பயிற்சிகளில் 3.8 காயம். பயனுள்ள தகவல்தான். ஆனால் ஐந்து ப்ளே ஆடிவிட்டு உட்கார்ந்தவனும் ஒரு தடவை, தொண்ணூறு ப்ளே நின்று ஆடியவனும் ஒரு தடவை. அந்தப் படிவங்களை வருடக்கணக்காக நான் நிரப்பியிருக்கிறேன். எத்தனையாவது ப்ளேயில், முந்தைய ப்ளே முடிந்து எத்தனை வினாடியில் அடிபட்டது என்றெல்லாம் யாரும் கேட்டதில்லை. வேகத்தைப் பற்றிய கேள்விக்கு அந்தக் குவியலிலிருந்து நேரடியாகப் பதில் எடுக்க முடியாது. வேகமான அணிகள் நிறைந்த கான்ஃபரன்ஸில் (தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் கல்லூரிகளின் கூட்டமைப்பில்) காயம் குறைவு, ஆகவே வேகம் பாதுகாப்பானது என்று எழுதுகிறவர்களையும் அதனால்தான் நான் நம்புவதில்லை. ஒவ்வொரு கல்லூரியும் காயத்தை வெளியே சொல்லும் விதமே வேறு. சில கோச்சுகள் கை முறிந்ததைக்கூட மேல் உடம்பில் ஏதோ கோளாறு என்பார்கள்.

ப்ளே ப்ளேயாக எண்ணினால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஐவி லீக் என்ற கான்ஃபரன்ஸ் நல்ல உதாரணம். அங்கே 2015-இல் கிக்காஃப், அதாவது பந்தை எதிரணி பக்கம் உதைத்துத் தொடங்கும் ப்ளே, மொத்த ப்ளேக்களில் 6 சதவீதம்தான், ஆனால் மூளையதிர்ச்சியில் 21 சதவீதம் அதில்தான் நடந்தது. 2016-இல் கிக்காஃப் கோட்டை 35-ஆம் கஜத்திலிருந்து 40-க்குத் தள்ளினார்கள். பந்து முன்பைவிட அதிகத் தடவை எல்லையைத் தாண்டிப் போனது, திருப்பி ஓடுவது குறைந்தது. ஆயிரம் கிக்காஃபுக்கு சுமார் 11-ஆக இருந்த மூளையதிர்ச்சி 2-க்கு இறங்கியது. ஐந்து கஜம் தள்ளியதில் வந்த பலன் இது. வேகத்தைப் பற்றியும் இப்படி யாராவது எண்ணிக் காட்டினால் என் கருத்தை மாற்றிக்கொள்ளத் தயார். அதுவரை, ஒரு ப்ளேயின் ஆபத்து வேகத்தால் கூடுகிறது என்பதற்கு ஆதாரம் போதாது என்றுதான் சொல்வேன்.

மூன்றாவது கேள்விதான் என்னை இன்றைக்கும் உறுத்துவது. ஒரு அக்டோபர் சனிக்கிழமை, மத்தியான வெயில். எதிரணி மின்னல் வேகம். எங்கள் டிஃபென்ஸில் கடைசி வரிசையில் நிற்கும் சேஃப்டி ஒருவன் ஓடிவந்தவனைத் தடுத்து விழுந்தான், எழுந்தான், தன் இடத்துக்குப் போனான். பார்க்க ஒன்றும் இல்லை. அடுத்த ப்ளேக்கு அவன் இடப்பக்கம் நிற்க வேண்டும், வலப்பக்கம் போய் நின்றான். கூட ஆடுபவன் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டான். எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. கோச்சிடம் டைம் அவுட் கேட்கத் திரும்பினேன். அவர் அந்தப் பக்கம் யாரையோ பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுப்பதற்குள் இன்னும் மூன்று ப்ளே முடிந்துவிட்டது. கடைசி ப்ளேயில் அவன் மறுபடி மோதினான். மொத்தமாக ஒரு நிமிடம்தான் இருக்கும். பெஞ்சில் உட்கார வைத்து, மாதங்களின் பெயரைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னேன். டிசம்பர், நவம்பர் என்றான். அதோடு நின்றுவிட்டான். மறுபடி டிசம்பர் என்றான்.

முதல் மோதலை வேகம் உண்டாக்கவில்லை. நிதானமான அணியோடு ஆடியிருந்தாலும் அது நடந்திருக்கும். ஆனால் 35 வினாடி இடைவேளை இருந்திருந்தால் இரண்டாவது மோதல் நடந்திருக்காது. மூளையதிர்ச்சிக்குப் பிறகும் தொடர்ந்து ஆடியவர்களுக்கு, உடனே வெளியே வந்தவர்களைவிடக் குணமாக அதிக நாள் பிடிக்கிறது என்பது பல ஆய்வுகளில் வந்திருக்கிறது. அடிபட்டவன் தானாகச் சொல்லமாட்டான். பத்தொன்பது வயதுப் பையன், அம்மா அப்பா பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், பின்னால் அவன் இடத்துக்கு இன்னொருவன் காத்திருக்கிறான். ஆக, கண்டுபிடிக்கும் வேலை எங்களுடையது. ஹடில் எங்களுக்குக் கொடுத்த அரை நிமிடம் இதற்குத்தான். யார் நொண்டுகிறான், யார் ஹெல்மெட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான் என்று அதில்தான் பார்ப்போம். பெரிய கான்ஃபரன்ஸ்கள் இதைப் புரிந்துகொண்டன. 2015-இல் எஸ்இசி, பிக் டென் என்ற இரண்டு கான்ஃபரன்ஸ்களும் மேலே ரீப்ளே அறையில் மருத்துவப் பார்வையாளர் ஒருவரை உட்கார வைத்தன. டிவி திரையில் சந்தேகம் வந்தால் அவர் ஆட்டத்தை நிறுத்தச் சொல்லலாம். எங்களைப் போன்ற சின்னக் கல்லூரியில் மேலே யாரும் கிடையாது. கீழே நாலு கண்தான், அதில் இரண்டு என்னுடையவை.

இதற்கு ஒரு அசிங்கமான மறுபக்கமும் உண்டு. வேகத்தை முறிக்க டிஃபென்ஸ் ஆட்கள் பொய்யாகக் கீழே விழுவார்கள். விழுந்தால் ஆட்டம் நிற்கும், எல்லோரும் மூச்சு வாங்கிக்கொள்ளலாம். டிவியில் பார்த்திருப்பீர்கள்: நன்றாக நிற்பவன் சைட்லைனைப் பார்ப்பான், உடனே முழங்காலைப் பிடித்துக்கொண்டு சரிவான். அப்படி விழுந்தவனிடம் நான் ஓடிப் போயிருக்கிறேன். குனிந்து எங்கே வலிக்கிறது என்று கேட்டால் கண்ணைச் சிமிட்டுவான். கோபத்தை அடக்கிக்கொண்டு முழங்காலை அசைத்துப் பார்க்க வேண்டும். பொய் விழுகை பெருகப் பெருக, நிஜமாக விழுந்தவனையும் கூட்டம் கேலி செய்யத் தொடங்கிவிட்டது. 2025-இல் விதி மாறியது. நடுவர் பந்தை வைத்த பிறகு யாராவது விழுந்து மருத்துவ ஆட்கள் உள்ளே வந்தால், அந்த அணியின் டைம் அவுட் ஒன்று போகும். கையில் இல்லை என்றால் ஐந்து கஜம் அபராதம். நோக்கம் சரிதான். ஆனால் நிஜமாகவே தலை சுற்றுகிறவன் டைம் அவுட் போய்விடுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றுவிடுவானோ என்ற பயம் எனக்கு உண்டு. அது என் பயம் மட்டும்தான், இன்னும் கணக்கு ஒன்றும் வரவில்லை.

ப்ளேக்களைக் குறைக்கும் வேலை வேறு வழியாக நடந்தது. 2023 முதல், ஃபர்ஸ்ட் டவுன் எடுத்ததும் (பத்து கஜம் முன்னேறியதும்) கடிகாரத்தை நிறுத்தும் பழைய வழக்கம், ஒவ்வொரு பாதியின் கடைசி இரண்டு நிமிடத்தில் மட்டும் என்று சுருங்கியது. ஆட்டத்துக்குச் சில ப்ளே குறைந்திருக்கிறது. 2014-இல் சண்டை போட்டுச் சாதிக்க முடியாததில் கொஞ்சம், சத்தமில்லாமல் கடிகாரத்தின் வழியாக வந்துசேர்ந்தது.

இப்போது உங்கள் அக்காவின் கவலைக்கு வருகிறேன். அவர் சனிக்கிழமை ஆட்டத்தைப் பார்த்துப் பயப்படுகிறார். நான் பயப்படுவது ஆகஸ்ட் பயிற்சியைப் பார்த்து. ஆறு பெரிய கல்லூரி அணிகளில் 2015 முதல் 2019 வரை நடந்த ஓர் ஆய்வில், மூளையதிர்ச்சிகளில் 72 சதவீதம் பயிற்சியில் நடந்தவை. சீசன் தொடங்கும் முன் நடக்கும் பயிற்சி மொத்தக் காலத்தில் ஐந்தில் ஒரு பங்குதான், ஆனால் மூளையதிர்ச்சியில் ஏறக்குறையப் பாதி அங்கேதான். அதற்குப் பிறகுதான் 2021-இல் அந்தக் காலத்தில் முழுக் கவசத்தோடு நடக்கும் பயிற்சியை ஒன்பதுக்கு மேல் போகக் கூடாது என்று கட்டினார்கள். வெப்ப அதிர்ச்சி மரணங்களும், சிக்கிள் செல் மரபுக்கூறு (ரத்தச் சிவப்பணுவைப் பாதிக்கும் பரம்பரைக் கூறு) உள்ள பிள்ளைகள் ஓட்டப் பயிற்சியில் சரிந்து விழுவதும் பெரும்பாலும் யாரும் பார்க்காத பயிற்சி நாட்களில்தான் நடக்கின்றன. டிவி கேமரா முன்னால் அல்ல. சிக்கிள் செல் விஷயம் நம் ஊர்க்காரர்களுக்கும் பொருந்தும். நீலகிரியின் பழங்குடி மக்களிடையே அது பரவலாக உண்டு. அமெரிக்கக் கல்லூரியின் முதல் டிவிஷனில் சேரும்போதே அதற்கு ரத்தப் பரிசோதனை கேட்பார்கள். பையனின் முடிவு என்னவென்று வீட்டிலும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே அந்தக் கல்லூரிக்கு நேரில் போகும்போது, ஆட்டத்துக்கு எத்தனை ப்ளே என்று கேட்க வேண்டாம். லைன்பேக்கர்களை எத்தனை பேராகச் சுழற்றி ஆடவிடுகிறார்கள், ஆகஸ்டில் வாரத்துக்கு எத்தனை நாள் முழு மோதல், ஒருவனை ஆடக்கூடாது என்று டிரெய்னர் சொன்னால் அதைக் கோச் மாற்ற முடியுமா என்று அக்காவைக் கேட்கச் சொல்லுங்கள். கடைசிக் கேள்விக்கு யோசிக்காமல் முடியாது என்ற பதில் வர வேண்டும். பிறகு பயிற்சி மைதானத்தின் ஓரமாக ஒரு நடை போய்ப் பாருங்கள். ஐஸ் தண்ணீர் நிரப்ப ஒரு பெரிய தொட்டி இருக்க வேண்டும். வெப்ப அதிர்ச்சியில் விழுந்தவனை முதலில் அதில் இறக்கிக் குளிர்விக்க வேண்டும், ஆம்புலன்ஸில் ஏற்றுவது அதற்குப் பிறகு. அரை மணிக்குள் குளிர்வித்தால் அநேகமாக எல்லோரும் பிழைத்துக்கொள்கிறார்கள். நான் பார்த்த ஒரு மைதானத்தில் அந்தத் தொட்டி இருந்தது, உள்ளே பழைய பந்துகளைப் போட்டு வைத்திருந்தார்கள்.